நூறு ரூபாயில் ஒரு நாள் அருவிப் பயணம்

(கடமலைக்குண்டில் நடந்த மகளிர் சுய உதவிக்குழுக் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மைக்குல பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். குழுவுல நோட்டு எழுதுறேன். அதனால எழுதி வச்சுப் படிக்கிறேன். கடன், சேமிப்பு, தொழில் பத்தி எல்லாம் முன்னாடி பேசினவங்க நல்லாச் சொல்லிட்டாங்க. எங்க குழு சின்னச் சுருளி அருவிக்கு ஒரு நாள் பஸ்ஸுல போயிட்டு வந்ததைப் பத்தி நான் சொல்லப் போறேன். என்னடா இது, குழு மேடையில ஊர் சுத்துன கதையான்னு நினைக்காதீங்க. இதுலயும் கணக்கு இருக்கு, தீர்மானம் இருக்கு. கூட்டமைப்பு முன்னாடி வைக்க ஒரு கோரிக்கையும் இருக்கு.

முதல்ல ஒரு கேள்வி கேக்குறேன். நாம எதுக்கெல்லாம் பஸ் ஏறுறோம்? க.விலக்கு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏறுறோம். ஆண்டிபட்டிக்கு, தேனிக்கு ஏதாவது வேலைன்னா ஏறுறோம். வீரபாண்டித் திருவிழாவுக்கு ஏறுறோம். கல்யாணம், காதுகுத்து, எழவுன்னா ஏறுறோம். அருவின்னு எடுத்துக்கிட்டா, நம்மள்ல நிறையப் பேரு பாத்தது கம்பம் பக்கத்துல இருக்கிற சுருளி. அதுவும் ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு இறந்தவங்களுக்குத் திதி கொடுக்கப் போனதாத்தான் இருக்கும். சும்மா பாக்குறதுக்கு, நாமளும் சந்தோஷமா இருக்குறதுக்குன்னு பஸ் ஏறுன நாளு எத்தனை? எங்க குழுக் கூட்டத்துல இதைக் கேட்டப்ப பதினாறு பேருல மூணு பேருதான் கை தூக்குனாங்க. அந்த மூணு பேரும் கல்யாணமான புதுசுல போனவங்க.

நம்ம ஒன்றியத்துலயே, கோம்பைத்தொழுவுக்கு மேல சின்னச் சுருளி இருக்கு. மேகமலை அருவின்னும் சொல்லுவாங்க. மதுரையில இருந்து, திண்டுக்கல்ல இருந்து காரு போட்டு வந்து குளிச்சிட்டுப் போறாங்க. நாம இலவம் பஞ்சு பொறுக்கவும், கொட்டமுந்திரி பொறுக்கவும், களை எடுக்கவும் அதே மலையைப் பாத்துக்கிட்டே நடக்குறோம். அருவியைப் பாத்ததில்லை. எங்க குழுவுல மூத்தவங்க ஒரு அம்மாச்சி, வயசு அறுபத்திரண்டு. பிறந்ததும் வாக்கப்பட்டதும் இந்தப் பக்கந்தான். அவங்களும் பாத்ததில்லைன்னு சொன்னாங்க. அன்னைக்கே போறதுன்னு முடிவு பண்ணினோம்.

முதல்ல காசு. சேமிப்புப் பணத்துலயோ சங்கக் கணக்குலயோ ஒரு ரூபாய் தொடக்கூடாதுன்னு ஊக்குநர் அக்கா கறாராச் சொல்லிட்டாங்க. அது கடனுக்கும் கஷ்டத்துக்கும் உள்ள பணம். வீட்டுக்காரர்கிட்டக் கேக்கவும் யாருக்கும் மனசு இல்லை. அதனால வாரக் கூட்டத்துல சேமிப்போட சேத்து பத்து ரூபாய் தனியாப் போடுறதுன்னு தீர்மானம் போட்டோம். பத்து வாரத்துல ஆளுக்கு நூறு ரூபாய். அதுக்கு ஒரு தனி நோட்டு, தனி டப்பா. பத்து ரூபாய் ஒரு டீக்காசு. பூக்காசைக் கொறைச்சுப் போட்டவங்களும் உண்டு, முட்டை வித்துப் போட்டவங்களும் உண்டு. பத்து வாரத்துல ஒருத்தர் கூட பாக்கி வைக்கலை.

அடுத்தது எப்படிப் போறது. ஒரு வேன்காரரைக் கேட்டோம். போக வர 3,500 ரூபாய்ன்னாரு. பதினாலு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 250 ரூபாய் ஆகுது. நம்ம நூறு ரூபாய்க்குள்ள அடங்காது. அதனால பஸ்தான்னு முடிவாச்சு. 2021 மே மாசத்துல இருந்து சாதாரண டவுன் பஸ்ஸுல பெண்களுக்குக் கட்டணம் இல்லைங்கறது எல்லாருக்கும் தெரியும். ஆனா எல்லா பஸ்ஸும் அப்படி இல்லை. மகளிருக்குக் கட்டணம் இல்லைன்னு எழுதியிருக்கான்னு பாத்து ஏறணும். சந்தேகமா இருந்தா ஏறுறதுக்கு முன்னாடியே கண்டக்டர் அண்ணன்கிட்டக் கேட்டுக்கணும். காசு இல்லைன்னாலும் சீட்டு கட்டாயம் வாங்கிக்கணும். பையன்களுக்கு 5 வயசு வரைக்கும் டிக்கெட் இல்லை. அதுக்கு மேல 12 வயசு வரைக்கும் அரை டிக்கெட்.

எந்த பஸ்ஸு எத்தனை மணிக்குங்கறதை ஒரு வாரத்துக்கு முன்னாடியே எங்க பிரதிநிதி தங்கச்சி பஸ் ஸ்டாப்புல நின்னு கேட்டு எழுதிக்கிட்டு வந்துச்சு. போற பஸ் நேரத்தை விட திரும்புற பஸ் நேரந்தான் முக்கியம். கடைசி பஸ்ஸை நம்பி உக்காரக்கூடாது, அதுக்கு முந்தின பஸ்ஸுக்கே வந்துடணும்னு பேசி வச்சோம். பஸ் தவறிட்டா காசு கொடுத்து வேற பஸ்ஸுல வர ஆளுக்கு ஐம்பது ரூபாய் முந்தானையில முடிஞ்சு வச்சுக்கிட்டோம். அதுக்கு வேலை வரலை. ஆனா அந்தக் காசு கையில இருந்ததால யாரும் பயப்படலை.

நாள் பாக்குறதுலயும் யோசிச்சோம். கோடையில போனா பாறைதான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில நல்ல மழை பெய்யுறப்ப போனா வெள்ளம் வரும், குளிக்கவே விடமாட்டாங்க. மழை ஓஞ்சு தண்ணி சீரா விழுகுற நாள்தான் தோது. அரைப் பரீட்சை லீவுல ஒரு செவ்வாய்க்கிழமை வச்சோம். பிள்ளைகளுக்கும் லீவு, ஞாயித்துக்கிழமைக் கூட்டமும் இருக்காது. அந்த மாசம் பெரிய சுருளியில ஐயப்ப சாமிமார் கூட்டம் நெரியும். அதனாலயும் சின்னச் சுருளின்னு முடிவு பண்ணினோம்.

வீட்டுல என்ன சொன்னாங்கன்னு கேப்பீங்க. எல்லா வீட்டுலயும் கேள்விதான். "தண்ணி பாக்குறதுக்குக் கோம்பைத்தொழு வரைக்கும் போகணுமாக்கும், குழாய்லயே வருதே"ன்னு எங்க வீட்டுல சிரிச்சாங்க. ஒரு வீட்டுல மாமியார், "ஆட்டுக்கு யாரு குழை ஒடிக்கிறது"ன்னு கேட்டாங்க. இன்னொரு வீட்டுல பால் மாடு. அவங்க கேட்டதுலயும் தப்பு இல்லை. நாம ஒரு நாள் இல்லாட்டி வீட்டுல எத்தனை வேலை நிக்கும்ங்கறது அன்னைக்குத்தான் எல்லாருக்கும் தெரிஞ்சது. குழுவுல உக்காந்து பட்டியல் போட்டோம். எந்த வீட்டுல ஆடு, எந்த வீட்டுல மாடு, எந்த வீட்டுல படுத்த படுக்கையா பெரியவங்க இருக்காங்கன்னு எழுதினோம். பதினாறு பேருல ரெண்டு பேரு, "இந்தத் தடவை நாங்க இருந்து பாத்துக்கிறோம், அடுத்த தடவை எங்க ரெண்டு பேரு பேருதான் முதல்ல"ன்னு முன்வந்தாங்க. அதையும் தீர்மான நோட்டுல எழுதினோம். அவங்க போட்ட இருநூறு ரூபாய் அப்படியே டப்பாவுல இருக்கு.

யார் யாரு போறோம், எந்த பஸ்ஸு, எத்தனை மணிக்குத் திரும்புவோம், எந்த போன்ல கூப்பிடலாம்னு ஒரு தாள்ல எழுதி பதினாலு வீட்டுலயும் கொடுத்தோம். அந்தத் தாளைப் பாத்ததும் பாதிப் பேரு வீட்டுல கேள்வி நின்னு போச்சு.

போற அன்னைக்குக் காலையில, கோம்பைத்தொழுவுல வாக்கப்பட்டிருக்கிற எங்க குழு அக்காவோட தங்கச்சிக்குப் போன் போட்டோம். குளிக்க விடுறாங்களான்னு கேட்டு, ஆமான்னு சொன்ன பிறகுதான் பஸ் ஏறினோம். இதை எல்லாரும் மனசுல வச்சுக்கணும். அருவி வனத்துறை எல்லையில இருக்கு. மலையில மழைன்னா அடைச்சிடுவாங்க. கேக்காமப் போனா கேட்டைப் பாத்துட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

பஸ் மயிலாடும்பாறை, குமணன்தொழு வழியா கோம்பைத்தொழு போச்சு. பதினாலு பெண்கள், அஞ்சு பிள்ளைகள். மேகமலைன்னதும் சில பேரு தேயிலை எஸ்டேட்டுன்னு நினைக்கிறாங்க. அங்க போறதுக்குச் சின்னமனூர்ல இருந்து மலைப்பாதை. அருவிக்குப் போறது நம்ம பக்கத்து வழி. கோம்பைத்தொழுவுல இறங்கி, அம்மாச்சியும் மூட்டுவலிக்காரங்களும் சின்னப் பிள்ளைகளும் ஆட்டோவுல வந்தாங்க. மத்தவங்க நடந்தோம். சோத்துத் தூக்கெல்லாம் ஆட்டோவுல ஏத்தியாச்சு. கையில ஒண்ணும் இல்லாம, இடுப்புல பிள்ளை இல்லாம, தலையில கட்டு இல்லாம வெறும் ஆளா நடந்தோம். எங்களுக்கே புதுசா இருந்துச்சு.

அருவியில தண்ணி அன்னைக்கு அளவா விழுந்துச்சு. அம்மாச்சியை ரெண்டு பேரு கையைப் பிடிச்சு மெதுவா கூட்டிட்டுப் போயி நிக்க வச்சோம். முதல்ல தண்ணிக்கு எட்டத்துலயே நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம், "இம்புட்டுத் தண்ணியும் இங்கேருந்துதேன் வருதாத்தா? நான் குடத்துலதான பாத்திருக்கேன்"னாங்க. யாரும் பதில் சொல்லலை. எல்லாருக்கும் அந்தக் குடம் தெரியும். மூல வைகை வத்திப் போன வருஷம் ஆத்துல ஊத்துத் தோண்டி, செரட்டையில மோந்து, அதே அம்மாச்சி சுமந்த குடம்.

மேகமலையில பெய்யுற மழை இந்தப் பக்கமா இறங்கி மூல வைகைக்கு வருது. ஆத்துக்குள்ள இருக்கிற உறைகிணத்துல இருந்துதான் நம்ம ஊர்களுக்குக் குடிதண்ணி எடுக்குறாங்க. அதுக்கு மேல ஓடுறது வைகை அணைக்குப் போகுது. மதுரைக்காரங்க குடிக்கிறதும் அந்தத் தண்ணிதான். இந்த மலையெல்லாம் 2021-ல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துல சேந்திருக்கு. புலிக்கும் யானைக்கும் காடு வேணும்ங்கறாங்க. அந்தக் காடு இருந்தாத்தான் நம்ம குடத்துலயும் தண்ணி இருக்கும்ங்கறதை அன்னைக்கு எங்க பிள்ளைகளுக்கு இடத்தைக் காட்டியே சொல்ல முடிஞ்சது.

அதனாலதான் சோப்பு, சீயக்காய், ஷாம்பு பாக்கெட்டு ஒண்ணும் கொண்டு போகக்கூடாதுன்னு முதல்லயே பேசியிருந்தோம். அருவியில நாம கரைக்கிற நுரை கீழ நம்ம உறைகிணத்துக்குத்தான் வரும். சோறு வாழை இலையிலயும் எவர்சில்வர் தூக்குலயும் கட்டினோம். தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-ல இருந்து ஒருதடவை பயன்படுத்தித் தூக்கிப் போடுற பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கு. சட்டத்துக்காக மட்டும் இல்லை, குப்பையைத் திரும்ப ஊருக்குச் சுமக்குற வேலையும் மிச்சம்.

இப்ப பெண்களுக்குன்னு சில விஷயம். இதை எந்த ஆம்பளையும் சொல்லித் தரமாட்டாங்க. சேலையோட அருவியில நின்னா ஈரச்சேலை காலைச் சுத்தி வழுக்கிவிடும். சுடிதாரோ, நைட்டிக்கு உள்ள பேண்ட்டோ போட்டுக்கணும். மாத்துத் துணியோட ஒரு பழைய சேலையும் கொண்டு போகணும். நாலு பேரு அதைப் பிடிச்சு மறைச்சா எங்க வேணாலும் துணி மாத்தலாம். தோடு, மூக்குத்தி தவிர நகை எதையும் போட்டுட்டுப் போகக்கூடாது. கிளம்புறதுக்கு முன்னாடி எல்லாரும் கழிப்பறை போயிடணும். வழியில கழிப்பறை கிடைக்காதேன்னு பயந்து தண்ணி குடிக்காமலே வர்றவங்க நம்மள்ல நிறைய. மயக்கம் வந்துடும். எங்க எங்க கழிப்பறை இருக்குன்னு முன்னாடியே கேட்டுக்கிட்டா அந்தப் பயம் இல்லை. ஒரு தங்கச்சிக்கு அன்னைக்கு மாதவிலக்கு. நான் வரலைன்னு சொல்லிட்டா. "குளிக்காட்டி என்ன, வந்து உக்காந்து பாரு"ன்னு அம்மாச்சிதான் கூட்டிட்டு வந்தாங்க. எங்க பையை எல்லாம் அவதான் பாத்துக்கிட்டா. கதை பேசுறதுலயும் அவதான் முதல்.

பத்திரம் பத்தியும் சொல்லணும். 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல திடீர்னு வெள்ளம் வந்து 17 வயசுப் பையன் அடிச்சிட்டுப் போனதை டிவியில எல்லாரும் பாத்தோம். கீழ வெயில் அடிச்சாலும் மேல மலையில மழை பெய்யலாம். தண்ணி கலங்குனாலோ, இலை தழை சேந்து வந்தாலோ, இரைச்சல் கூடுனாலோ அந்த நிமிஷமே வெளிய வந்துடணும். ஊழியர் விசிலடிச்சா இன்னும் ரெண்டு நிமிஷம்னு நிக்கக்கூடாது. நாங்க ரெண்டு ரெண்டு பேரா ஜோடி பிரிச்சுக்கிட்டோம். அவங்க அவங்க ஜோடியை அவங்கதான் பாத்துக்கணும். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பெரிய ஆளு. எல்லாரும் ஒரே நேரத்துல குளிக்காம, பாதிப் பேரு கரையில இருந்தோம். செல்போன்ல படம் எடுக்க ஒருத்தர்தான், அதுவும் கரையில நின்னுதான். அருவிக்கு மேல ஏறிப் பாக்குறது, காட்டுக்குள்ள போறது கூடவே கூடாது. 2018 மார்ச் 11-ஆம் தேதி நம்ம மாவட்டத்துலயே குரங்கணி மலையில காட்டுத்தீயில சிக்கி இருபது பேருக்கு மேல செத்துப் போனாங்க. அதுல எத்தனையோ பெண் பிள்ளைகள். நாம தண்ணி பாக்கப் போறோம், தண்ணியோட திரும்பிடணும்.

மத்தியானம் எல்லாரும் உக்காந்து சாப்பிட்டோம். ஒரு வீட்டுல புளிச்சோறு, ஒரு வீட்டுல எலுமிச்சைச் சோறு, ஒரு வீட்டுல பருப்புத் துவையல், முருங்கைக்கீரை போட்ட அடை. நாம பரிமாறிட்டுக் கடைசியில சட்டியை வழிச்சுச் சாப்பிடுறவங்க. அன்னைக்குச் சூடு ஆறியிருந்தாலும் எல்லாரும் ஒண்ணா, ஒரே நேரத்துல சாப்பிட்டோம். ரெண்டு வருஷமா ஒரு கடன் விஷயத்துல முகம் கொடுத்துப் பேசாத ரெண்டு அக்காமாரு ஒரே இலையில துவையலை வழிச்சுக்கிட்டிருந்தாங்க. நாங்க யாரும் சமாதானம் பேசலை.

கணக்கைப் படிக்கிறேன். வரவு, பதினாலு பேரு நூறு ரூபாய் வீதம் 1,400 ரூபாய். செலவு, ஆட்டோ வாடகையும் வனத்துறை நுழைவுச் சீட்டும் சேத்து 890 ரூபாய். ரெண்டு பையன்களுக்கு பஸ் டிக்கெட் 40 ரூபாய். தயிர், வாழைப்பழம், பிஸ்கட் 180 ரூபாய். திரும்பி வரும்போது டீ, வடை 220 ரூபாய். ஆக மொத்தம் 1,330 ரூபாய். மீதி 70 ரூபாய். அதை டப்பாவுலயே போட்டு நோட்டுல எழுதிட்டோம். நுழைவுக் கட்டணமும் ஆட்டோ வாடகையும் அப்பப்ப மாறும். நீங்க போறப்ப கேட்டுட்டு அதுக்குத் தக்கன சேத்துக்கோங்க.

இதனால என்ன லாபம்னு கேக்கலாம். காசா ஒரு லாபமும் இல்லை. ஆனா ஒண்ணு சொல்றேன். எங்க குழுவுல ஒரு தங்கச்சி கல்யாணமாகி எட்டு வருஷமா தனியா பஸ் ஏறினதே இல்லை. எந்த பஸ்ஸு, எங்க இறங்கணும்னு பயம். அன்னைக்கு எல்லாருக்கும் சீட்டு வாங்குற பொறுப்பை அவகிட்டத்தான் கொடுத்தோம். போன மாசம் அவ அம்மாவைக் கூட்டிக்கிட்டு தனியா க.விலக்கு ஆஸ்பத்திரிக்குப் போயி காட்டிட்டு வந்தா. அருவிக்குப் போனதாலதான்னு நான் சொல்லலை. அவதான் சொன்னா.

தமிழ்நாட்டுல மகளிர் சுய உதவிக்குழு முதல்ல 1989-ல தருமபுரி மாவட்டத்துல ஆரம்பிச்சதுன்னு நமக்குப் பயிற்சியில சொல்லிக் கொடுத்தாங்க. அன்னைக்குப் பெண்கள் குழுக் கூட்டத்துக்கு வர்றதுக்கே வீட்டுல அனுமதி வாங்க வேண்டியிருந்திருக்கும். இன்னைக்கு நாம லட்சக்கணக்குல கடன் வாங்கித் திருப்பிக் கட்டுறோம், பேங்க் மேனேஜர்கிட்ட உக்காந்து பேசுறோம். ஒரு நாளு ஓய்வுக்கு மட்டும் இன்னும் காரணம் தேடிக்கிட்டு இருக்கோம். கோயிலுக்குன்னு சொல்லணும், இல்லாட்டி உடம்புக்கு முடியலைன்னு சொல்லணும். ஒரு நாள் சந்தோஷமா இருக்கணும்னு தோணுச்சுன்னு சொன்னாலே போதும்.

அதனால கூட்டமைப்புக்கு நான் வைக்கிற கோரிக்கை ரெண்டு. ஒண்ணு, ஒவ்வொரு குழுவும் வருஷத்துக்கு ஒரு நாள் இப்படிப் போய் வர்றதை ஆண்டுத் திட்டத்துலயே எழுதணும். வாரம் பத்து ரூபாய் தனி டப்பா, வீட்டு வேலைக்கு முறை வச்சு ஆளு, வயசானவங்களுக்கு முதலிடம், இவ்வளவுதான் விதி. சின்னச் சுருளிக்குத்தான் போகணும்னு இல்லை. கம்பத்துல இருந்து சுருளிக்குப் போகலாம், பெரியகுளத்துல இருந்து கும்பக்கரைக்குப் போகலாம். ரெண்டாவது, கிராம சபை இப்ப வருஷத்துக்கு ஆறு நாள் நடக்குது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கிராம சபைக்கு நாம எல்லாக் குழுவும் சேந்து போயி, பெண்கள் போய்வர்ற இடத்துல எல்லாம் உடை மாத்துற அறையும் கழிப்பறையும் வேணும்னு, சாயங்காலம் வீடு திரும்ப நேரத்துக்கு டவுன் பஸ் வேணும்னு மனு கொடுத்து, தீர்மானத்துல ஏத்தச் சொல்லணும். ஒரு குழு கேட்டா ஒரு மனு. எல்லாக் குழுவும் கையெழுத்துப் போட்டா அது ஊரோட தேவை.

எங்க குழுவுல அடுத்த பத்து வாரம் ஆரம்பிச்சாச்சு. இந்தத் தடவை பட்டியல்ல முதல் ரெண்டு பேரு, போன தடவை எங்களுக்காக ஆடு மாடு பாத்த அந்த ரெண்டு அக்காமாரு. கும்பக்கரைக்குப் போகலாம்னு அவங்கதான் சொல்லியிருக்காங்க. டப்பாவுல இப்ப அவங்க இருநூறும், மீதி எழுபதும், இந்த வாரத்து நூற்று அறுபதும் சேத்து 430 ரூபாய் இருக்கு.